எஸ்.பி.எஃப். சார்

அம்பத்தூர் எஸ்டேட்டில் எந்தக் கம்பெனியின் குவாலிட்டி செக்‌ஷனை எட்டிப் பார்த்தாலும் இவர் இருப்பார். ஐம்பதைத் தாண்டிய வயது, சட்டைப்பையில் வெர்னியர், பைக் பெட்டியில் சன்ஸ்கிரீன். ஆவடியிலிருந்து சி.டி.எச். ரோடு வெயிலை வருஷக்கணக்கில் வெறும் முகத்தில் வாங்கியவர்தான். கன்னத்தில் மங்கு விழுந்து, தோல் டாக்டர் ஒரு ட்யூபை எழுதிக் கொடுத்த அன்று ஞானம் பிறந்தது. ட்யூபில் எண் இருந்ததே! எண் போட்ட எதையும் சார் சும்மா விடமாட்டார்.

"ஏம்மா, உன்னுது எத்தனை?" என்பார் கேன்டீனில். புதிதாகச் சேர்ந்த பெண், வயதைக் கேட்கிறார் என்று முறைக்கும்.

"எஸ்.பி.எஃப். கேட்டேம்மா. அம்பதா? முப்பது 97 பர்சென்ட் தடுக்கும், அம்பது 98. ஒரு பர்சென்ட்டுக்கு எதுக்கு அவ்ளோ பணம்?"

கணக்கு சரிதான். முப்பது என்றால் முப்பதில் ஒரு பங்கு உள்ளே வரும். ஐம்பது என்றால் ஐம்பதில் ஒன்று. ஆனால் அதெல்லாம் முக்கியமாக யூ.வி. பி கதிருக்குத்தான். தோல் சிவக்க எவ்வளவு கதிர் தேவைப்படுகிறது என்று பார்த்து அளந்த எண் அது. நம்மூர்த் தோலில் சிவப்பை யார் கண்டார்கள்? நமக்கு வருவது கறுப்பு. அதில் யூ.வி. ஏ-யின் கைவரிசையும் உண்டு. ஜப்பான்காரர்கள் தோல் எவ்வளவு கறுக்கிறது என்பதை வைத்தே அதற்கு ஓர் அளவு கண்டுபிடித்து, 1996-இல் பி.ஏ. என்று பெயரிட்டு பிளஸ் குறி போட்டார்கள். மூன்று பிளஸ்ஸில் நின்றதை 2013-இல் நான்காக்கினார்கள். இந்த வருஷங்களைச் சார் தன் கல்யாண நாளைவிடத் துல்லியமாகச் சொல்வார்.

கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் யாராவது நிம்மதியாகத் தூங்கினால் அவருக்குப் பொறுக்காது. "கண்ணாடி பி-யை நிறுத்திடும் தம்பி, ஏ-யை விட்டுடும்" என்று எழுப்பி, இடம் மாற்றி உட்கார வைப்பார். காலியான ஜன்னலோரத்தில் சார் உட்காருவார். அவர்தான் பூசியிருக்கிறாரே.

கத்திரி முடிந்ததும் ட்யூபை மூடி வைப்பவர்களிடம் அவருக்குத் தனிக் கோபம். சென்னை பதின்மூன்றாம் அட்சரேகையில் இருப்பதால் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே வருவது ஏப்ரல் கடைசியில் ஒரு முறை, ஆகஸ்ட் நடுவில் இன்னொரு முறை. "ஆடிக் காத்துல உடம்புக்குச் சூடு தெரியாது, கதிர் பாட்டுக்கு இறங்கும்" என்பார். உண்மை. வெக்கையை உடம்பு சொல்லிவிடும், கதிரைச் சொல்லாது. பூந்தமல்லி பைபாஸில் மெட்ரோ தூண் நிழலில் சிக்னலுக்கு நிற்பவர்களிடம்கூட, நாலா பக்கமும் சிதறி வரும் கதிரைப் பற்றி ஹெல்மெட்டுக்குள்ளிருந்தே வகுப்பெடுத்திருக்கிறார். பாதியில் பச்சை விழுந்துவிடுகிறது.

இவ்வளவு ஞானமும் காலையில் கண்ணாடி முன்னால் எங்கே போகிறது என்பதுதான் புரியவில்லை. சதுர சென்டிமீட்டருக்கு இரண்டு மில்லிகிராம் பூசித்தான் சோதனைக்கூடத்தில் அந்த எண்ணை எடுக்கிறார்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்க வேண்டும். வெளியில் அலைந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் மறுபடியும். சார் பிதுக்குவது ஒரு கடுகு. அதையும் திருநீறு மாதிரி நெற்றியில் இழுத்து, மிச்சத்தைக் கன்னத்துக்குக் காட்டுவார். ஐம்பது கிராம் ட்யூப் பொங்கலுக்கு வாங்கினால் ஆடித் தள்ளுபடி வரை வரும்.

கேன்டீனில் முறைத்த அந்தப் புதுப் பெண் ஒருநாள் மொபைலில் கணக்குப் போட்டே விட்டாள். "சார், தினம் ஒருவாட்டி ஒழுங்காப் போட்டாலே ஒன்றரை மாசத்துல தீந்துடணும். பாதி அளவு போட்டா எஸ்.பி.எஃப்.பும் பாதி, இல்ல அதுக்கும் கீழ. நீங்க பாதிகூடப் போடல."

சார் வெர்னியரை எடுத்து ட்யூபின் வாய் விட்டத்தை அளந்தார். கொஞ்சம் யோசித்தார்.

"அப்போ நூறு போட்டது வாங்கிட்டா, இதே கடுகு போதும்ல?"