பாதிரியாரின் ஒன்றாம் வகுப்பு

வெளிநாட்டு ஊழியத்துக்குக் கிளம்பும் சபைக் குழுக்களை இப்போது விமான நிலையத்திலேயே அடையாளம் கண்டுவிடலாம். எல்லோருக்கும் ஒரே நிறத்தில் டீ-சர்ட், முதுகில் ஒரு வசனம், கையில் அச்சடித்த நிகழ்ச்சி நிரல். போன ஊரில் ஒரு பள்ளிச் சுவருக்குப் பெயின்ட் அடிப்பார்கள், பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொள்வார்கள், அடுத்த ஞாயிறு ஆராதனைக்குள் வீடு திரும்பிவிடுவார்கள். 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்த குழுவில் இரண்டே பேர். டீ-சர்ட்டும் இல்லை, வரவேற்பும் இல்லை.

சீகன்பால்கு, புளுச்சாவ் இருவரும் ஜெர்மானியர்கள். அனுப்பி வைத்தவரோ டென்மார்க் மன்னர் நான்காம் ஃபிரெடெரிக். தரங்கம்பாடி, 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் பெற்ற ஊர். மன்னரின் ஆணை பையில் இருக்கிறது, மன்னரின் கொடி கோட்டை மேல் பறக்கிறது, இனி என்ன கவலை என்றுதான் யாருக்கும் தோன்றும். கோட்டைத் தளபதி ஹாசியுஸுக்கு அப்படித் தோன்றவில்லை. வியாபாரம் நடக்கிற இடத்தில் இவர்களுக்கு என்ன வேலை என்பது அவர் கட்சி. வெகுநேரம் காக்க வைத்தார், பிறகு வந்து சிடுசிடுத்தார், அப்படியே விட்டுவிட்டுப் போனார். மேலிடத்துக் கடிதம் வைத்திருப்பவரும் வராந்தாவில் நிற்கத்தான் வேண்டும் என்ற நம்மூர் நடைமுறைக்கு நல்ல வயதாகிறது.

போதிக்க வந்தாயிற்று, எந்த மொழியில் போதிப்பது? முதியவர் ஒருவர் நடத்திவந்த திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பிள்ளைகளோடு சேர்த்துத் தங்கள் வீட்டுக்கே வரவழைத்தார்கள். ஜெர்மனியில் இறையியல் படித்துவிட்டு வந்த இரண்டு பாதிரியார்களும் பொடிசுகளுக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்து, மணலில் விரலால் அகரம் எழுதினார்கள். சுழி சரியாக விழாவிட்டால் பக்கத்தில் இருந்த பையன் சிரித்திருப்பான். சிரிக்காவிட்டால் அவன் பையனே இல்லை. உபாத்தியாயர் எழுத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டார். ஆனால் சொல்லுக்குப் பொருள் சொல்ல, இவர்கள் கற்றுவந்த போர்ச்சுகீசியம் அவருக்கு வராது. கடைசியில் அழகப்பன் என்ற துபாஷி கிடைத்தார். டேனிஷ் வணிகக் கம்பெனியில் வேலை பார்த்தவர். போர்ச்சுகீசியம், டேனிஷ், டச்சு, ஜெர்மன் நான்கும் தெரிந்தவர். வெளிநாட்டு ஊழியக் குழுவிலேயே அதிக வெளிநாட்டு மொழிகள் தெரிந்தவர் உள்ளூர்க்காரராக இருந்தது இப்படித்தான்.

தன் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்று சீகன்பால்கு 1708-இல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஏழு முதல் எட்டு வரை, முன்பு எழுதி வைத்த சொற்களைத் திரும்பச் சொல்லிப் பார்ப்பது. எட்டு முதல் பன்னிரண்டு வரை, அதுவரை படிக்காத தமிழ் ஏடுகள் மட்டும். பக்கத்தில் வயதான புலவர் ஒருவர். கடினமான செய்யுள் வந்தால் அதைப் பேச்சுத் தமிழில் உடைத்துச் சொல்வது அவர் பொறுப்பு. இன்னொரு பக்கம் எழுத்தர். புதுச் சொல் காதில் விழுந்ததும் குறித்துக்கொள்வது அவர் பொறுப்பு. பகல் சாப்பாட்டின்போதாவது விட்டாரா? சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தபடி, யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்டார். மூன்று முதல் ஐந்து வரை மறுபடி ஏடு. இரவு ஏழு மணிக்குக் கண்ணுக்கு ஓய்வு தர வேண்டும் என்று நிறுத்தினார். கண்ணுக்குத்தான் ஓய்வு, காதுக்கு இல்லை. எட்டு மணி வரை வேறொருவர் வாசித்துக்கொண்டிருந்தார். பிரசங்கமும் ஜெபமும் மிச்ச நேரத்தில். பொதுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையிடம் இந்த அட்டவணையைக் காட்டினால் அது பாட்டி வீட்டுக்கு ஓடிவிடும்.

படிப்பதற்கு ஏடு வேண்டுமே. எழுத்தர்களை உள்நாட்டு ஊர்களுக்கு அனுப்பி, இறந்துபோன பிராமணர்களின் விதவைகளிடம் சுவடிகளை விலைக்கு வாங்கினார். அதே 1708-இல் தயாரித்த நூற்பட்டியலில் 119 தமிழ் நூல்கள் இருந்தன, திருக்குறளும் உண்டு. உலகநீதி, கொன்றைவேந்தன், நீதிவெண்பா மூன்றையும் ஜெர்மனில் மொழிபெயர்த்தார். பைபிளைத் தமிழுக்குக் கொண்டுவர வந்தவர் கையில் கொன்றைவேந்தன் ஜெர்மனுக்குக் கப்பலேறத் தயாராகிவிட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் தளபதி அவரைப் பிடித்துக் கோட்டைச் சிறையில் நான்கு மாதம் அடைத்தார்.

பிறகு, வெளியே வந்த சீகன்பால்கு ஊர்ப் பெரியவர்களிடம் கேள்விகள் எழுதி அனுப்பிப் பதில் வாங்கத் தொடங்கினார். எங்கள் மதத்தை ஏன் ஏற்க மாட்டேன் என்கிறீர்கள்? பதில்களில் தத்துவ விசாரமும் இருந்தது, தாட்சண்யமில்லாத குற்றப்பட்டியலும் இருந்தது: கிறிஸ்தவர்கள் மாட்டிறைச்சி தின்கிறார்கள், குடிக்கிறார்கள், சுத்தபத்தம் கிடையாது. அவர் இதை ஒளிக்கவில்லை. உட்கார்ந்து ஜெர்மனில் பெயர்த்துத் தன் நாட்டுக்கு அனுப்பிவைத்தார். எதிர்க்கட்சியின் பேச்சை இத்தனை சிரத்தையாகக் குறிப்பெடுத்த பிரசாரகர்கள் அதிகம் இல்லை.

அச்சகத்தின் கதை தனிக் கூத்து. லண்டன் கிறிஸ்தவச் சங்கம் ஒன்று அனுப்பிய அச்சு இயந்திரம் வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்களிடம் பிரேசில் கரையோரம் சிக்கி, மீண்டு, அச்சுக்காரர் நடுவழியில் இறந்து, தனியாக வந்து சேர்ந்தது. 1713-இல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் எழுத்துகளோ ஒவ்வொன்றும் ஒரு கொழுக்கட்டை. அவற்றில் புதிய ஏற்பாட்டை அடித்தால் காகிதம் கட்டுபடியாகாது. சின்ன எழுத்து வார்க்க ஈயம் தேடியபோது, இங்கிலாந்திலிருந்து சீஸ் வந்த டப்பாக்களின் ஈய உறைகள் கைகொடுத்தன. பக்கத்திலிருந்த பொறையாறில் அவற்றை உருக்கி எழுத்து வார்த்தார்கள். 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுமையாக வெளிவந்தது.

இதற்கிடையில் சீகன்பால்கு தென்னிந்தியத் தெய்வங்களின் வமிசாவளி ஒன்றை விரிவாக எழுதி, 1713-இல் ஹாலேக்கு அனுப்பியிருந்தார். சிவனும் பெருமாளும் மட்டுமல்ல, அய்யனாரும் மாரியம்மனும் அதில் உண்டு. இந்த ஊழியத்துக்குப் பின்பலமாக ஹாலேயில் இருந்த பெரியவர் ஃபிராங்கேவுக்கு அது ரசிக்கவில்லை. அங்கே புறச்சமயத்தை ஒழிக்க அனுப்பினால், அதை இங்கே ஐரோப்பாவில் பரப்பப் பார்க்கிறாரே என்பது அவர் ஆதங்கம். கையெழுத்துப் பிரதியைக் கட்டி வைத்துவிட்டார்கள். 1719-இல் சீகன்பால்கு 36 வயதில் காலமாகி, அவருக்குப் பின் பல மிஷனரிகள் வந்துபோன பிறகு, 1867-இல் அந்தப் புத்தகம் ஒருவழியாக அச்சேறியது. ஹாலேயில் அல்ல, சென்னையில்.