பாலி கழித்தல் பொள்ளாச்சி: வெப்பமண்டல விடுமுறையின் வான்வழிக் கூறுகள் குறித்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

திருநெல்வேலிக்கே அல்வா கொண்டுபோகிறவனைப் பற்றி நம்மவர்கள் வேண்டிய மட்டும் பேசிவிட்டார்கள். திருநெல்வேலியிலேயே பிறந்து, அல்வாக் கடைக்கு எதிர் வீட்டில் குடியிருந்துகொண்டு, கிரெடிட் கார்டைத் தேய்த்து, இரண்டு விமானம் மாறி, வெளிநாட்டுக்குப் போய் அல்வா தின்றுவிட்டு வருகிறவனைப் பற்றித்தான் இதுவரை யாரும் ஆராயவில்லை. இக்கட்டுரை அந்தக் குறையைப் போக்க முயல்கிறது.

தமிழ்நாடு முழுவதும் வெப்பமண்டலத்துக்குள் கிடக்கிறது. கன்னியாகுமரி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 8 பாகை. சென்னை 13 பாகை. வெப்பமண்டலத்தின் வடக்கு எல்லையான கடகரேகையோ எங்கோ போபால் பக்கமாகப் போகிறது. டிசம்பரில் மாலை நாலு மணிக்கே இருட்டிப்போகும் லண்டன்காரர் ‘வெப்பமண்டல விடுமுறை’ என்று பெட்டியைக் கட்டினால் அதில் ஒரு நியாயம் உண்டு. மின்விசிறி ஐந்தில் ஓடும்போதே பனியன் நனைகிற மே மாதத்தில் மேற்கு மாம்பலத்துக்காரர் அதே பெயரைச் சொல்லிக்கொண்டு பாலித் தீவுக்குக் கிளம்புவது எதற்காக? பாலி நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 8 பாகை. கன்னியாகுமரியைக் கண்ணாடியில் காட்டினால் தெரிவது பாலி.

கருதுகோளும் கழித்தல் கணக்கும்

பாலியில் காணத்தக்கவை தென்னை, வாழை, நெல்வயல், கோயில், இளநீர், கூட்டம், வியர்வை. ஜாதிலுவி என்னும் ஊரில் படிப்படியாக இறங்கும் வயல்களையும், அவற்றுக்குத் தண்ணீர் பங்கிடும் ‘சுபக்’ முறையையும் யுனெஸ்கோ 2012-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மேட்டு வயல்காரரும் பள்ளத்து வயல்காரரும் அடிதடி இல்லாமல் வாய்க்கால் நீரைப் பகிர்ந்துகொள்ள, கோயிலை நடுவில் வைத்துச் செய்துகொண்ட ஏற்பாடு அது. மெச்சத்தக்கதுதான். ஆனால் பாபநாசம் பக்கத்துச் சொந்த நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, அறுப்புக்குக்கூட எட்டிப் பார்க்காத ஒருவர், ஜாதிலுவியில் நுழைவுச் சீட்டு வாங்கி, வரப்பின்மேல் நின்று, இரு கைகளையும் விரித்துப் படம் எடுத்துக்கொள்வதை எந்தப் பொருளியல் கோட்பாட்டாலும் விளக்க முடியாது.

ஆகவே பாலியிலிருந்து பொள்ளாச்சியைக் கழிக்கிறோம். தென்னைக்குத் தென்னை அடிபட்டுப் போகிறது, வாழைக்கு வாழை, இளநீருக்கு இளநீர், விலை நீங்கலாக. மிஞ்சுபவை மூன்று: கடல், எரிமலை, அந்நாட்டு நோட்டில் உள்ள பூஜ்யங்கள். கடலைத் திருச்செந்தூர்க் கணக்கில் எழுதிவிடலாம். ஆகுங் எரிமலை, ஆய்வுக்காகப் போய் நிற்கும்போதெல்லாம் மேகத்துக்குள் புகுந்துகொள்வதால் அதைத் தரவாக ஏற்பதற்கில்லை. பூஜ்யம் எத்தனை இருந்தாலும் பூஜ்யமே.

இவ்வளவும் போக, கணக்கில் கழியாமல் நிற்பவை போக இரண்டு, வர இரண்டு என நான்கு விமானங்கள் மட்டுமே. எனவே நம் கருதுகோள் வருமாறு: விமானமே விடுமுறை; தீவு அதன் இடைவேளை.

ஆய்வெல்லை

சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். சிங்கப்பூரிலிருந்து பாலியின் டென்பசார் ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர். இவ்வழி மட்டும் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. எகானமி வகுப்பு மட்டுமே ஆராயப்படுகிறது. முன்வரிசைக்காரர்களுக்கும் நமக்கும் நடுவே ஒரு திரைச்சீலை இருக்கிறது. அதற்கு அப்பால் பீங்கான் தட்டுச் சத்தம் கேட்டது என்பதற்குமேல் தரவு இல்லை.

இயல் ஒன்று: திணை

தொல்காப்பியர் அகத்திணைக்கு முதல், கரு, உரி என்று மூன்று வகுத்தார். விமானத்துக்கும் அவ்வாறே வகுப்போம்.

முதற்பொருள் நிலமும் பொழுதும். பொழுது நள்ளிரவு; சென்னையிலிருந்து சிங்கப்பூர் போகும் விமானங்களில் பல, மனிதன் தூங்க வேண்டிய நேரம் பார்த்துக் கிளம்புபவை. நிலம்தான் சிக்கல். விமானம் சுமார் 35,000 அடியில் பறக்கிறது. வெளியே குளிர் சுழியத்துக்குக் கீழே 40 பாகையையும் தாண்டும். உள்ளே காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்து மலையில் இருப்பதுபோல வைக்கப்படுகிறது. ஊட்டியின் உயரம் சுமார் 7,350 அடி. ஆக, அழுத்தத்தைப் பொறுத்தவரை பயணி ஊட்டியில் உட்கார்ந்திருக்கிறார். மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் குன்னூர் தாண்டியதும் உப்பிக்கொள்வதும், மீனம்பாக்கத்தில் வாங்கியது வங்கக் கடலுக்கு மேலே உப்பிக்கொள்வதும் ஒரே காரணத்தால்தான்.

அப்படியானால் இது குறிஞ்சியா? இல்லை. ஈரப்பதத்தையும் பார்க்க வேண்டும். வெளிக்காற்றில் ஈரமே இல்லை. அதை இழுத்துச் சூடாக்கி உள்ளே விடுவதால், நீண்ட பயணத்தில் விமானத்துக்குள் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே போய்விடுகிறது. பாலைவனத்துக்கே இதைவிடச் சற்று ஈரம் உண்டு. உதடு வெடிக்கிறது, தொண்டை வறள்கிறது, கண் உறுத்துகிறது. இது பாலை. பாலைக்கெனத் தனி நிலம் இல்லை என்பதும், முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுத் திரிந்தால் பாலை தோன்றும் என்பதும் பழைய கொள்கை. ஊட்டி தன் இயல்பு கெட்டால் விமானம்.

இங்கேதான் நம் கருதுகோளுக்கு முதல் வலுவான சான்று கிடைக்கிறது. விடுமுறை என்பது ‘ஒரு மாறுதல்’ என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். சென்னையில் புழுக்கம், பாலியிலும் புழுக்கம். இரண்டுக்கும் நடுவே, வியர்க்காமல், நடுங்கிக்கொண்டு, கம்பளிக்காக விமானப் பணிப்பெண்ணைக் கூப்பிடுகிற அந்தச் சில மணி நேரமே தமிழருக்குக் கிடைக்கும் ஒரே தட்பவெப்ப மாறுதல்.

கருப்பொருள்: தெய்வம், கேப்டன் (குரல் உண்டு, உருவம் இல்லை, சொல்வது யாருக்கும் புரிவதில்லை, ஆனால் கேட்டதும் நிம்மதி). உணவு, உப்புமா. பறை, சீட் பெல்ட் மணி. யாழ், பின்வரிசைக் குழந்தை.

உரிப்பொருள் இருத்தல். செக்-இன் வரிசையில் இருத்தல், இமிகிரேஷனில் இருத்தல், ஓடுபாதையில் முறை வரும்வரை இருத்தல். முல்லைத் தலைவி கார்காலம்வரை ஆற்றியிருந்தாள். நாம் கழிவறை வாசலில் சிவப்பு விளக்கு அணையும்வரை ஆற்றியிருக்கிறோம்.

புறத்திணையும் உண்டு. ஒரு வரிசையில் இருக்கை மூன்று, கைப்பிடி நான்கு, முழங்கை ஆறு. மூவேந்தர் ஆண்ட நாட்டுக்கு இப்படிப்பட்ட எல்லைச் சிக்கல் புதிதல்ல. ஜன்னல் ஓரத்தவருக்கும் நடைபாதை ஓரத்தவருக்கும் ஆளுக்கொரு சொந்தக் கைப்பிடி உண்டு. நடுவில் இருப்பவர் இருபுறமும் முற்றுகைக்குள்ளானவர். மதிலை முற்றுவது உழிஞை, காப்பது நொச்சி. புறப்பொருள் வெண்பாமாலை பாடிய ஐயனாரிதனார் நொச்சியைத் தனித் திணையாக வைத்தது எவ்வளவு தொலைநோக்கு என்பது நடு இருக்கையில் போனவருக்கே விளங்கும்.

இயல் இரண்டு: தொக்கின் பௌதிகம்

தமிழர் கட்டுச்சோறு இல்லாமல் பயணம் போவதில்லை. புளியோதரை, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, எலுமிச்சை ஊறுகாய், தக்காளித் தொக்கு ஆகியவை போகும் தூரத்துக்கு ஏற்பப் பெருகும். 2006-இல் லண்டனில் திரவ வெடிபொருள் சதி ஒன்று பிடிபட்டதிலிருந்து, கைப்பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட பாத்திரத்தில் திரவம் கூடாது என்ற விதி உலகெங்கும் பரவியது. அதன்பின் பொருள்களைத் திடம், திரவம், வாயு என்று பிரித்த பள்ளிக்கூட அறிவியல் போதாமல் போயிற்று. சோதனை மேடையருகே பதிவான உரையாடல் இது:

“அம்மா, பாட்டில்ல என்ன?”

“தொக்கு தம்பி. நல்லா சுண்டக் காய்ச்சினது. சாய்ச்சாக்கூட நகராது பாருங்க.”

“எண்ணெய் மிதக்குதேம்மா.”

“எண்ணெய் மிதக்கலன்னா அது தொக்கே இல்லையே!”

இரு தரப்பும் மெய்யே பேசின. தொக்கு கீழே திடம், மேலே திரவம், மூடியைத் திறந்தால் வாயு. அது குப்பைத்தொட்டிக்குள் போனபின் அந்த அம்மாள் தம் மருமகளைப் பார்த்த பார்வைக்கு (‘பெரிய பெட்டியில வைக்கலாம்னு சொன்னேனா இல்லையா?’) பௌதிகத்தில் இடமில்லை.

கொப்பரையின் நிலை இதைவிடப் பரிதாபம். தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய சரக்கு என்று ஐக்கிய நாடுகளின் அபாயப் பொருள் பட்டியலில் அதற்கு 1363 என்ற எண்ணே கொடுத்திருக்கிறார்கள். காங்கேயத்துக் களங்களில் சாதுவாக வெயில் காயும் கொப்பரைக்கு இப்படி ஒரு சர்வதேசப் பெயர் இருப்பது அதற்கே தெரியாது.

இவ்வளவு பாடுபட்டு ஏன் கொண்டுபோக வேண்டும்? விமானச் சாப்பாட்டில் உப்பு உறைப்பு இல்லை என்று நம் பாட்டிமார் சொன்னதை ஜெர்மானியர்கள் ஆய்வுக்கூடம் கட்டி உறுதி செய்தார்கள். ஹோல்ஸ்கிர்ஹனில் உள்ள ஃபிரவுன்ஹோஃபர் நிறுவனத்தில் ஒரு விமான உடலையே அழுத்த அறைக்குள் வைத்து, ஆட்களை உட்காரவைத்துச் சாப்பாடு போட்டுப் பார்த்தார்கள். குறைந்த அழுத்தத்தில் உப்பும் இனிப்பும் நாக்கில் மங்குவது தெரியவந்தது. வறண்ட மூக்குக்கு மணமும் சரியாக எட்டாது. தக்காளிச் சாறு மட்டும் தரையில் இருப்பதைவிட மேலே நன்றாக இருந்ததாம். தக்காளித் தொக்கை எடுத்துப்போக நினைத்த அம்மாள், ஆய்வுக்கூடம் இல்லாமலே இந்த முடிவுக்கு வந்திருந்தார் என்பது இங்குப் பதிவு செய்யப்படுகிறது.

இயல் மூன்று: காலம்

சிங்கப்பூரும் பாலியும் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தியவை. போகும்போது அந்த இரண்டரை மணி காணாமல் போகிறது. வரும்போது திரும்பக் கிடைக்கிறது. வட்டி இல்லை. உடம்பு ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மணி நேர வித்தியாசத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும் என்பது பொதுக்கணக்கு. ஆனால் ஊர் திரும்பியவர் ஒரு வாரம் கழித்தும் பதினோரு மணிக்கு எழுந்து “இன்னும் ஜெட்லாக் போகலை” என்கிறார். கிளம்புவதற்கு முன்பும் அவர் பதினோரு மணிக்குத்தான் எழுந்தார் என்பதை வீட்டார் உறுதி செய்கிறார்கள்.

நிலநடுக்கோட்டைக் கடப்பது பண்டைய மாலுமிகளுக்குப் பெரிய சடங்கு. சிங்கப்பூர் ஒன்றேகால் பாகையில் இருப்பதால், அங்கிருந்து தெற்கே ஏறிய சற்று நேரத்தில் விமானம் கோட்டைத் தாண்டிவிடும். அப்போது பயணிகள் எல்லாரும் ‘கோழியா, காய்கறியா’ என்ற கேள்வியில் இருப்பார்கள்.

இயல் நான்கு: திரும்பல்

ஒரே தூரமானாலும் திரும்பும் பயணம் குறுகியதாகத் தோன்றும் என்று நெதர்லாந்தின் ஃபான் டெ ஃபென்னும் கூட்டாளிகளும் 2011-இல் எழுதினார்கள். போகும்போது நினைத்ததைவிட நேரமாகிறது. அதனால் வரும்போது ‘இது லேசில் முடியாது’ என்ற எண்ணத்தோடு ஏறுகிறோம். எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் முடிந்ததாகப் படுகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். நாம் இதைப் பணிவுடன் மறுக்கிறோம். அவர்கள் ஆராய்ந்தவர்கள் சொந்தக்காரர்களுக்குச் சாக்லேட் வாங்கியவர்கள் அல்லர். சித்திக்கு ஒன்று, சின்ன மாமனாருக்கு ஒன்று, எதிர்வீட்டுக்கு ஒன்று என வாங்கி, எடை மிஞ்சி, இரண்டு சட்டையும் ஒரு கோட்டும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு எந்தப் பயணமும் குறுகாது.

சக்கரம் தரையைத் தொட்டதும் அனைவரும் எழுந்து நிற்பர். கதவு திறக்க வெகுநேரம் ஆகும். திறந்தாலும் பெட்டி பெல்ட்டில் வர அதைவிட நேரமாகும். இருந்தும் தலையைச் சாய்த்து, கழுத்தை மடக்கி, மேல்தட்டுக்கு அடியில் நிற்பர். இது அவசரம் அன்று. விடுமுறை முடிகிறதே என்ற மரியாதை.

மறுப்பும் விடையும்

விமானமே விடுமுறை என்றால் எல்லாரும் அதைத் திட்டுவானேன் என்று கேட்கலாம். திரும்பி வந்தவரைச் சோதித்துப் பாருங்கள். “தனா லோட் கோயில்ல சூரிய அஸ்தமனம் எப்படி?” என்றால், “சூப்பரா இருந்துச்சு” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். “பிளைட் எப்படி?” என்று கேளுங்கள். பெட்டி வராமல் போனது, முன்சீட்டுக்காரர் சாய்த்தது, டிரான்சிட்டில் கேட் மாறி ஓடியது என்று சொல்லி முடிப்பதற்குள் காபி ஆறிவிடும்.

இன்னும் வலுவான சான்று 2020-இல் கிடைத்தது. கொரோனாவில் நாடுகளெல்லாம் கதவைச் சாத்தியிருந்தபோது, சிட்னியில் ஏறி ஏழு மணி நேரம் சுற்றிவிட்டுச் சிட்னியிலேயே இறங்கும் பயணத்துக்குக் குவாண்டாஸ் சீட்டு விற்றது. பத்தே நிமிடத்தில் தீர்ந்தது. அதே ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், சாங்கி விமான நிலையத்தில் சும்மா நின்ற ஏ380 விமானத்தை உணவகமாக்கியது. பறக்காத விமானத்தில், விமானச் சோற்றைக் காசு கொடுத்துத் தின்ன முதலில் விட்ட இடங்கள் அரை மணி நேரத்தில் நிரம்பின. இவர்கள் யாரும் தீவு எங்கே என்று கேட்கவில்லை.

வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் கேட்டது ஒரே கேள்வி: “அப்படியானால் பாலி எதற்கு ஐயா?”

அங்கே இறங்கினால்தானே திரும்பி வரும் விமானத்தில் ஏற முடியும்?