ஆவடிக்கே வந்த மாநாடு

கே: கோவை ஆய்வு மாநாட்டில் என் கட்டுரையை ஏற்றுவிட்டார்கள். பயணப்படி கிடையாதாம். சிக்கனமாக, பத்திரமாகப் போய்வர வழி?
– கல்லூரி மாணவி, ஆவடி

ப: 1955 என்றால் கவலையே இல்லை. காங்கிரஸ் மாநாடே ஆவடிக்கு வந்தது, நேரு உட்பட! இப்போது நீங்கள்தான் போகவேண்டும். ரயில் முன்பதிவு 60 நாள் முன்பே திறக்கிறது. இன்றே ஸ்லீப்பர் போடுங்கள். தட்கலை நம்பினால் காலை 11 மணிக்கு விரல் நடுங்கும், பர்ஸ் இளைக்கும். மேல் பெர்த் கேளுங்கள். கட்டுரைக்குப் போஸ்டர் கொண்டுபோனால், அந்த உருளை தலைமாட்டில் இருக்கட்டும்; கீழே வைத்தால் விடிவதற்குள் யாராவது மிதித்திருப்பார்கள் (என் குடைக்கு நேர்ந்த கதி). தங்குவதற்கு மகளிர் விடுதி உண்டா என்று மாநாட்டுக் குழுவிடமே கேளுங்கள். கூச்சப்பட்டால் லாட்ஜ் வாடகை. விடிந்தபின் சென்ட்ரல் சேரும் வண்டியில் திரும்புங்கள், ஆவடிக்கு மின்சார ரயில் ஓடிக்கொண்டிருக்கும். ரயிலில் யாராவது தொல்லை கொடுத்தால் 139-ஐ அழையுங்கள்.