பிறர் ஈரலுக்காகத் தம் முழங்காலை வருத்துவோர்

பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரைச் சாலையில் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் காணப்படும் மனிதர்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்: மருத்துவர் சொன்னதால் நடப்பவர்கள், மருத்துவர் சொல்லிவிடக் கூடாதே என்று ஓடுபவர்கள், தமக்கு இல்லாத நோய்க்காக ஓடுபவர்கள். முதலிரு வகையினரும் தத்தம் உடலின் பொருட்டே வியர்ப்பதால் அவர்களைப் பற்றி ஆராய அதிகமில்லை. மூன்றாம் வகையினரோ, ஒருவர் காலை வருத்த, மற்றொருவர் பணம் தர, முன்பின் அறியாத இன்னொருவர் குணமடைய வேண்டும் என்னும் சிக்கலான ஏற்பாட்டைச் செய்துகொண்டிருப்பதால் தனி ஆய்வுக்கு உரியவர்கள். நெடுந்தொலைவு ஓடியோ, நீந்தியோ, சைக்கிள் மிதித்தோ, உடல் எவ்வளவு தாங்கும் என்பதைக் காட்டி, அதைக் கண்டு மனமிளகுவோரிடம் ஓர் அறப்பணிக்கு நன்கொடை பெறும் இம்முறையைத் தாங்குதிறன் சவால் எனலாம். இக்கட்டுரையாளர் இதனைச் சாலையோரச் சிமெண்ட் பெஞ்சில் அமர்ந்தே கவனித்து வருபவர் என்பதால், ஆய்வாளருக்குத் தேவையான விலகிநிற்கும் பண்பு இயல்பாகவே அமைந்துள்ளது. அவருடைய முழங்காலும் அதற்கு முழு ஒத்துழைப்பு அளித்துள்ளது.

இப்பழக்கம் விலையுயர்ந்த ஷூக்களோடு அயல்நாட்டிலிருந்து இறங்கியது என்று கருதுவோர் பெசன்ட் நகரின் நாட்காட்டியைப் பார்த்திராதவர்கள். அன்னை வேளாங்கண்ணித் திருத்தலத்தில் ஆகஸ்ட் 29 அன்று கொடியேறி, செப்டம்பர் 8 அன்று திருவிழா நிறைவடைவதற்குள், காவி உடுத்தியவர்கள் நகரின் பல பகுதிகளிலிருந்தும் கூட்டங்கூட்டமாக நடந்தே இங்கு வந்து சேர்கின்றனர். தைப்பூசத்திற்கு நகரத்தார் காவடியுடன் பழனிக்கு நடந்து செல்லும் வழக்கம் இதனினும் பழையது. இத்தகைய நடைகளில் கணக்கு எளியது: கால் நடப்பவருடையது, வேண்டுதல் அவருடையது, பலனும் அவர் வீட்டுக்கே. குலுக்கலில் எண் கிடைக்கவில்லை என்று எவரும் திருப்பி அனுப்பப்படுவதில்லை. வழியில் நீர்மோர் கொடுப்பவரும் தம் நிறுவனத்தின் பெயரை எவர் முதுகிலும் ஒட்டுவதில்லை.

உடல் வருத்தத்தைப் பணமாக மாற்றும் கலையும் தமிழருக்குப் புதிதன்று. ஒரு தலைமுறைக்கு முன்வரை, ஊர் மைதானத்தில் ஒருவர் இரவு பகலாகச் சைக்கிளை விட்டு இறங்காமல் சுற்றுவதும், குளிப்பதும் உண்பதும் இருக்கையிலேயே நிகழ்வதும், குழாய் ஒலிபெருக்கி பாட்டால் ஊரையே விழித்திருக்கச் செய்வதும், கடைசி நாளன்று பெரிய மனிதர்கள் அவர் சட்டையில் ரூபாய் நோட்டுகளைக் குத்திவிடுவதும் நாடறிந்த காட்சிகள். இக்கலையை உலகச் சாதனையாக உயர்த்தியவர் வல்வெட்டித்துறையைச் சேர்ந்த ஆழிக்குமரன் ஆனந்தன். 1971-இல் பாக் நீரிணையை இருவழியும் நீந்திக் கடந்த அவர், 1979-இல் கொழும்பில் 187 மணி நேரத்திற்கும் மேலாகச் சைக்கிள் மிதித்தார். 1981-இல் சென்னை அண்ணா நீச்சல் குளத்தில் 80 மணி நேரம் கால் தரையில் படாமல் நீரில் மிதந்து நின்றார். 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் உயிர் நீத்தார். இன்று பத்து கிலோமீட்டர் ஓடிவிட்டுப் பதினைந்து படங்கள் வெளியிடுவோர் இவ்வரலாற்றைப் படித்தால், படங்களின் எண்ணிக்கையையாவது சற்றுக் குறைத்துக்கொள்ளக்கூடும்.

வருந்துபவர் வேறு, பயன்பெறுபவர் வேறு என்னும் இக்கால வடிவத்திற்கு இலக்கணம் வகுத்தவர் கனடா நாட்டு இளைஞர் டெர்ரி ஃபாக்ஸ். புற்றுநோயால் ஒரு காலை இழந்த அவர், 1980 ஏப்ரல் 12 அன்று தொடங்கி 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் நிறுத்த நேர்ந்தது. அவர் பெயரிலான ஓட்டம் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்திலும் நடந்து வருகிறது. 2020-இல் பிரிட்டனைச் சேர்ந்த டாம் மூர் என்னும் முன்னாள் படைவீரர், 99 வயதில் நடைத்தாங்கியைப் பிடித்தபடி தம் வீட்டுத் தோட்டத்தை நூறு முறை சுற்றி வந்து, மருத்துவப் பணியாளர் நலனுக்காக மூன்று கோடிப் பவுண்டுக்கும் மேல் திரட்டினார். தூரத்திற்கும் தொகைக்கும் நேரடித் தொடர்பில்லை என்பதும், பார்ப்பவர் மனத்தில் எழும் 'ஐயோ பாவம்' என்பதே உண்மையான அளவுகோல் என்பதும் இதனால் பெறப்படும்.

உளவியலாரும் இதனை ஆராய்ந்துள்ளனர். கிறிஸ்டோஃபர் ஒலிவோலா, எல்டார் ஷாஃபிர் ஆகிய இருவரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு, கொடுக்கும் வழியில் வலியும் உழைப்பும் சேர்ந்திருந்தால் மக்கள் கூடுதலாகக் கொடுக்க முன்வருகின்றனர் என்று காட்டி, அதற்குத் தியாகி விளைவு என்று பெயரிட்டது. ஆனால் அவ்வாய்வாளர்கள் சென்னைக் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவை ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. அங்கே தம்பி மகன் நன்கொடை இணைப்பை அனுப்பியவுடன் முதலில் வருவது பணமன்று, பெரியப்பாவின் கேள்வி: "ஏம்ப்பா, நீ ஓடாம இருந்தா அவங்க பணம் வாங்கிக்க மாட்டாங்களா?" அடுத்து, வருமான வரியில் 80ஜி பிரிவின்கீழ் விலக்கு உண்டா என்பது. மூன்றாவதாக அத்தையின் கவலை: "வெறும் வயித்தோட ஓடாதேடா, கண்ணு." நான்காவதாகத்தான், என்ன நோய்க்காக ஓடுகிறாய் என்பது எழும், அதற்குள் குழுவில் வேறொருவர் பிறந்தநாள் வாழ்த்தைத் தொடங்கியிருப்பார்.

அந்த நான்காம் கேள்விக்கு 'ஹெபடைடிஸ்', அதாவது கல்லீரல் அழற்சி, என்று விடையளிப்பவரின் நிலை, பிற நோய்களுக்காக ஓடுவோரின் நிலையைவிடக் கடினமானது. இதயத்திற்குத் திரைப்பாடல்களின் ஆதரவு உண்டு. கல்லீரலைத் தமிழர் பெரும்பாலும் மிலிட்டரி ஓட்டலின் விலைப்பட்டியலில்தான் சந்திக்கின்றனர். மேலும், ஈரல் கெட்டது என்று சொன்ன உடனேயே கேட்பவர் முகத்தில் 'குடிப்பழக்கமோ?' என்னும் ஐயம் தோன்றும். மதுவாலும் கல்லீரல் அழற்சி வரும் என்பது உண்மையே. எனினும் இங்குப் பேசப்படுவது ஏ, பி, சி, டி, ஈ என்னும் ஐந்து வைரஸ்களால் வருவது. ஏ, ஈ இரண்டும் பெரும்பாலும் மாசுபட்ட நீராலும் உணவாலும் பரவுபவை. பி, சி இரண்டும் இரத்தத்தின் வழியே பரவுபவை. பி, பிரசவத்தின்போது தாயிடமிருந்து சேய்க்கும், உடலுறவாலும் தொற்றும். டி, ஏற்கெனவே பி குடியிருக்கும் வீட்டில் மட்டுமே உள்வாடகைக்கு வரும். நடிகர் அமிதாப் பச்சனுக்கு ஹெபடைடிஸ் பி வந்தது, 1982-இல் 'கூலி' படப்பிடிப்பில் (ரஜினிகாந்த் நடித்ததன்று, அதற்கு நாற்பதாண்டு முந்தைய இந்திப் படம்) அடிபட்டு உயிருக்குப் போராடியபோது ஏற்றப்பட்ட இரத்தத்தால்தான் என்றும், பல ஆண்டுகள் கழித்தே அது தெரியவந்தது என்றும், அதற்குள் கல்லீரலின் முக்கால் பங்கு போய்விட்டது என்றும் அவரே பொதுமேடைகளில் சொல்லியுள்ளார்.

பழமொழியில் இடம்பெற்ற நோய் என்பதால் காமாலையை எல்லோருக்கும் தெரியும். நாட்பட்ட பி, சி தொற்றுகள் பல ஆண்டுகள் மஞ்சள் நிறம் எதையும் காட்டாமலேயே கல்லீரலை இறுக்கி, சிரோசிஸ் என்னும் தழும்பேற்றத்திலும் புற்றுநோயிலும் கொண்டுவிடும் என்பது பலருக்குத் தெரியாது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2022-இல் உலகில் 25.4 கோடிப் பேருக்கு ஹெபடைடிஸ் பி-யும் 5 கோடிப் பேருக்கு சி-யும் இருந்தன; இந்தியாவில் மட்டும் பி ஏறத்தாழ 2.98 கோடிப் பேருக்கு, சி 55 லட்சம் பேருக்கு. உலகில் பி தொற்று உள்ளோரில் அது தமக்கு இருப்பதை அறிந்தவர்கள் சுமார் 13 விழுக்காட்டினரே. காமாலை கண்டவருக்கு நம் வீடுகளில் முதலில் விதிக்கப்படுவது ஓய்வும் பத்தியமும் என்பதால், படுத்துக்கிடக்கச் சொல்லப்பட்ட ஒரு நோயாளிக்காக இன்னொருவர் 42 கிலோமீட்டர் ஓடுவது ஒருவகையில் உழைப்புப் பகிர்வேயாகும்.

கடற்கரையில் ஓடி முடித்தவர்கள் மூச்சு வாங்க நிற்குமிடத்தில் மூலிகைச் சாறு விற்போரையும் காணலாம். அருகம்புல், வாழைத்தண்டு, கீழாநெல்லி எனப் பச்சை நிறத்தின் பல படிநிலைகள் அங்கே கிடைக்கும். இவற்றுள் கீழாநெல்லிக்கு உலக அறிவியலில் ஒரு சென்னை அத்தியாயம் உண்டு. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பர்க், சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ். பி. தியாகராஜன் குழுவினரோடு இணைந்து அம்மூலிகையை ஆராய்ந்தார். 1988-இல் 'லான்செட்' இதழில் வெளியான முடிவின்படி, முப்பது நாள் கீழாநெல்லி உண்டவர்களில் 37 பேருக்கு 22 பேரின் இரத்தத்திலிருந்து பி வைரஸின் மேற்பரப்புப் புரதம் மறைந்திருந்தது. வெற்று மருந்து உண்டவர்களில் 23 பேருக்கு ஒருவரே. பின்னர் பிற இடங்களில் நடந்த சோதனைகள் இம்முடிவை உறுதிசெய்யவில்லை. சாறு விற்பவர் இக்கதையின் முதல் பாதியை மட்டும் ஏற்றுக்கொண்டு வணிகத்தை நடத்துகிறார். இரண்டாம் பாதியையும் படித்த மருத்துவர்கள் மாத்திரை எழுதுகின்றனர். பிளம்பர்க்கின் பிறந்த நாளான ஜூலை 28-தான் உலக ஹெபடைடிஸ் நாள்.

2018-இல் அதே நாளில் தொடங்கப்பட்ட தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ், பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. சி தொற்று பெரும்பாலோருக்குப் பன்னிரண்டு வார மாத்திரைகளில் குணமாகிவிடும், பி-யை மாத்திரைகளால் கட்டுக்குள் வைக்கலாம். ஓட்டத்திற்கும் அரசின் ஆதரவில் குறைவில்லை. 2021-இல் தமிழக நல்வாழ்வுத் துறை அமைச்சரான மா. சுப்பிரமணியன் நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை, அதாவது ஒவ்வொன்றும் 21 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான ஓட்டங்களை, ஓடி முடித்தவர். 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைத்தடம் அறிமுகமானபோது சென்னைக்கான தடம் பெசன்ட் நகர்ப் பகுதியில்தான் அமைந்தது. ஆக, மருந்தும் தடமும் இருக்க, திரட்டும் பணம் எதற்கு என்றால், தமக்கு நோய் இருப்பதை அறியாத பெரும்பான்மையோரைச் சோதனைக்கூடம்வரை அழைத்து வருவதற்கே.

சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. பதினாறு வாரப் பயிற்சி அட்டவணையைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி ஒரு நாளும் தவறாதவர், ஹெபடைடிஸ் ஓட்டத்தின் முடிவுக் கோட்டருகே பரிசோதனைக்குச் சில மில்லி இரத்தம் கேட்டால், 'ஊசின்னா பயங்க' என்று திடீரென வேகமெடுப்பார். அன்றைய அவருடைய மிகச் சிறந்த நேரம் அந்த நூறு மீட்டரில் பதிவாகும். சோதனையில் தொற்று இல்லையென்று தெரிந்த பெரியவர்களுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி வழக்கமாக மூன்று தவணை: முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது. முதலாவது ஆர்வத்தில் போடப்படும், இரண்டாவது வெட்கத்தில் போடப்படும். மூன்றாவதற்குள் வேலை மாறி, வீடு மாறி, அட்டை தொலைந்துவிடும். பிறந்த 24 மணி நேரத்திற்குள் முதல் ஊசியை ஏற்றுக்கொள்ளும் பச்சிளங்குழந்தைகள் இவ்வகையில் பெரியவர்களைவிட மேலான வீரர்கள்.

ஆகவே, இந்நோயைப் பொறுத்தவரை உண்மையான தாங்குதிறன் சவால் 42 கிலோமீட்டரன்று, ஆறு மாதம் நினைவு வைத்திருத்தலே என்பது இவ்வாய்வின் முடிவு. பெரியப்பாவின் கேள்விக்கும் இதில் விடையுண்டு: ஓடாமலும் கொடுக்கலாம், கொடுத்தபின் தாமும் ஒரு சோதனை செய்துகொள்ளலாம். ஓடி முடித்தவருக்குத் தரும் பதக்கத்தை, மூன்றாம் ஊசி போட்டுக்கொண்டவருக்கும் உண்டு என்று அறக்கட்டளைகள் அறிவித்துவிட்டால், அதைக் கழுத்தில் மாட்டிப் படமெடுத்துக் குடும்பக் குழுவில் போடுவதற்காகப் பெரியப்பாவே வரிசையில் முதல் ஆளாக நிற்பார். படத்தின் கீழ் 80ஜி பற்றியும் ஒரு வரி எழுதுவார்.