பராமரிப்பு அதிகாரியின் மகிமை

வேலூர், ஆம்பூர் வட்டாரத்துத் தோல் பதனிடும் ஆலைகள் தலைக்கு 10,000 ரூபாய் அபராதம் கட்டுவதுடன், கழிவுநீரைச் சுத்திகரிக்காவிடில் கதவடைக்கவும் வேண்டும் என்று 1996 ஆகஸ்டு 28-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, பாலாற்றுக்கு என்ன லாபம் கிட்டிற்றோ நாம் அறியோம். ஆனால் பம்பு, புளோயர், ஜெனரேட்டர் சகிதம் ஆலைக்குள் பிரவேசித்த சர்வீஸ் கான்ட்ராக்டர்களுக்கு, அதுகாறும் பியூஸ் கம்பியும் கையுமாக அலைந்துகொண்டிருந்த பராமரிப்பு அதிகாரி சாட்சாத் குலதெய்வமாகிவிட்டார். இயந்திரத்தின் க்ஷேமத்தை விசாரிக்குமுன் அவருடைய தேக க்ஷேமத்தை விசாரிப்பதே இத்தொழிலின் சம்பிரதாயம். பில்லில் கையெழுத்திடும் விரல்களுக்கு வாதம் வந்துவிடலாகாதல்லவா? வருஷாந்தர ஒப்பந்தம் மார்ச்சில்தான் முடிகிறது. ஆம்பூர் பிரியாணிப் பொட்டலமோ பிப்ரவரியிலேயே அவர் மேஜைக்கு வந்துவிடுகிறது. கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிப் பம்பைக் கழற்றுகிறவனுக்கு அதில் பங்கில்லை.