ஐம்பத்தாறாவது கட்டம்

மாட்சிமைமிகு உள்நாட்டு வருமான வாரியத்துக்கும், அதற்குச் சற்றும் குறையாத அரச மலேசியச் சுங்கத்துறைக்கும் வணக்கம்.

பீடோங், லூனாஸ், பாடாங் செராய் வட்டாரச் சில்லறைக் கண்டிராக்டர்கள் சார்பில் முதலில் ஒரு நன்றி. இ-இன்வாய்ஸ் விலக்குக்கான ஆண்டு விற்பனை வரம்பை 1,50,000 வெள்ளியில் தொடங்கி, 5 லட்சமாக்கி, 2026 பிறந்ததும் 10 லட்சமாகவே உயர்த்திவிட்டீர்கள். தாராள மனசுதான். ஆனால் புத்ராஜெயாவில் புறப்பட்ட விலக்கு இன்னும் கூலிம் வந்து சேரவில்லை. தோட்டத்து லயங்களில் விடியுமுன் வேனில் ஆளேற்றி ஹைடெக் பார்க் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் கண்டிராக்டர், தொழிற்சாலைக்கு நேரே பில் போடுவதில்லை. இடையில் ஆள்சேர்ப்பு ஏஜென்சி இருக்கிறது. அது பெரிய கம்பெனி. அதற்கு விலக்கு கிடையாது. இ-இன்வாய்ஸ் தராவிட்டால் ஒவ்வொரு தவறுக்கும் 200 முதல் 20,000 வெள்ளி வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சட்டம் மிரட்டும்போது அதன் கணக்குப் பிரிவு சும்மா இருக்குமா? சின்னவரின் பில்லைப் பிடித்துவைத்து வரி எண் கேட்கிறது, தொழில் குறியீடு கேட்கிறது, விற்பனை, சேவை வரிக்கான எஸ்.எஸ்.டி. எண்ணும் கேட்கிறது. பதிவு இல்லாதவர் அந்தக் கட்டத்தில் 'என்.ஏ.' என்று போட்டால் போதும் என்பது உங்கள் வழிகாட்டியிலேயே உண்டு. அதை நம்பிக் காசைக் கொடுக்கத்தான் யாருக்கும் துணிச்சல் இல்லை. அபராத பயம் மேலே, காத்திருப்பு கீழே. வேன் டிரைவரும் டீசல்காரரும் மட்டும் காத்திருப்பதில்லை.

இதில் உங்கள் இருவருக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. ஆள் வழங்கும் சேவையில் ஆண்டுக்கு 6 லட்சம் வெள்ளி பார்ப்பவர் வருமான வாரியத்துக்குச் சின்னவர். சுங்கத்துறைக்கோ வரம்பு 5 லட்சம் என்பதால் அவர் பெரியவர். பதிவு செய்து 8 விழுக்காடு சேவை வரி வாங்கிக் கட்டவேண்டியவர். ஒரே மனிதர், ஒரே வேன், இரண்டு அந்தஸ்து. 2015 ஏப்ரலில் ஜி.எஸ்.டி. வரிக்கென்று பில் புத்தகம் அச்சடித்து, 2018 ஜூனில் அந்த வரி பூஜ்யமாக, செப்டம்பரில் எஸ்.எஸ்.டி.க்கு மறுபடி அச்சடித்தவர்களுக்கு இது புதிதல்ல என்பீர்கள். (தலைக்காசு வாங்கிய பழைய கங்காணியிடம் அன்றைய அரசு இத்தனை கேட்டதில்லை. அந்த முறை நல்லதென்று சொல்ல வரவில்லை.)

வரி ஏய்ப்பைத் தடுக்கத்தானே இதெல்லாம் என்று கேட்பீர்கள். நியாயம். ஆள் சப்ளையில் கணக்கில் வராத பணம் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் ஏஜென்சி கொடுத்த தொகை அதன் செலவுக் கணக்கில் ஏறத்தானே செய்கிறது? விலக்குப் பெற்றவரின் சாதாரண பில்லே அதற்குச் சான்றாகும் என்று அனுமதித்திருப்பதும் நீங்கள்தான். தடம் அங்கேயே கிடக்கும்போது சின்னவர் கழுத்தில் இன்னொரு கயிறு எதற்கு? இ-இன்வாய்ஸ் போட வாரியம் தரும் மைஇன்வாய்ஸ் தளம் இலவசம் என்பது அடுத்த பதில். தளம் இலவசந்தான். இ-இன்வாய்ஸின் 55 கட்டங்களை நிரப்பித் தரும் ஆள் இலவசமில்லை.

ஆகவே எங்கள் விண்ணப்பம் சிறியது. விலக்கை ரத்து செய்யச் சொல்லவில்லை, கூட்டவும் சொல்லவில்லை. இருக்கும் 55 கட்டங்களோடு ஒன்றைச் சேர்த்து, "மேற்கண்ட எதுவும் இவரிடம் கேட்கத் தேவையில்லை" என்று அச்சடித்து, வாரியத்தின் முத்திரையோடு தாருங்கள். கண்டிராக்டர் அதைப் பில்லோடு பின் குத்திக் கொடுப்பார். உங்கள் வழிகாட்டியை நம்பாத ஏஜென்சி முத்திரையை நம்பும். அந்தப் படிவத்தில் எஸ்.எஸ்.டி. எண் மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
சென்ற மாத பில்லுக்கு இந்த மாதமும் காத்திருப்போர்