முதலில் கூட்டம், பிறகுதான் ஆல்பம்

கே: 'ஆர்க்டிக் மங்கீஸ்' பேண்டின் முதல் ஆல்பத்தை இன்னமும் தூக்கிவைத்துப் பேசுகிறார்களே, அப்படி என்ன இருக்கிறது அதில்?

ப: 2006 ஜனவரியில் வெளியான முதல் வாரத்திலேயே பிரிட்டனில் 3,63,735 பிரதிகள் போயின. எந்த பேண்டின் முதல் ஆல்பமும் அதுவரை அங்கே அவ்வளவு வேகமாக விற்றதில்லை. அதைவிடப் பெரிய சங்கதி, பாட்டுக்குள் இருப்பது. ஷெஃபீல்டு பையன்கள் நாலு பேர், கிளப் வாசலில் மறிக்கும் காவலாளி, டாக்ஸிக்குள் நடக்கும் அடிதடிப் பேச்சு, போலீஸ் வேன் என்று தங்கள் ஊர் ராத்திரியை அப்படியே பாடினார்கள். உச்சரிப்பைக்கூட மாற்றவில்லை.

கே: இன்டர்நெட் பெற்ற பிள்ளைகள்தானே?

ப: வளர்த்த பிள்ளைகள் என்று வேண்டுமானால் சொல்லுங்கள். கச்சேரிக்கு வந்தவர்களுக்கு டெமோ பாட்டுகளை சிடியில் பதிந்து சும்மா கொடுத்தார்கள். நெட்டில் ஏற்றியது ரசிகர்கள்; மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தில் பக்கம் தொடங்கியதும் ரசிகர்களே. ஆல்பம் கடைக்கு வருமுன்பே அரங்கம் மொத்தமும் கூடவே பாடியது. கூட்டத்தைப் பார்த்து கம்பெனிகள் ஓடிவந்தன.

கே: சும்மா கிடைத்த பாட்டை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்?

ப: மேலே உள்ள எண்ணை இன்னொரு தரம் படியுங்கள். டெமோவில் இருந்த முரட்டுத்தனம் ஸ்டுடியோவில் குறைந்துவிட்டது என்று புலம்பியவர்களும் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. முதல் பாட்டில் மாட் ஹெல்டர்ஸின் டிரம்ஸ் தடதடத்து, சட்டென்று நின்று, மறுபடி பாயும். கேட்டுவிட்டு வாருங்கள், சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

கே: பெரிய கம்பெனி எதிலும் சேரவில்லையாமே?

ப: லாரன்ஸ் பெல் 1993-ல் தொடங்கிய டொமினோ என்ற சின்ன லேபிளில் சேர்ந்தார்கள். பாட்டைத் திருத்தச் சொல்லாத இடமாகப் பார்த்துப் போனார்கள்.

கே: 'வாட்எவர் பீப்பிள் சே ஐ ஆம், தட்ஸ் வாட் ஐ அம் நாட்' என்று ஆல்பத்தின் பெயர் ஒரு முழப் பூ மாதிரி நீளுகிறதே?

ப: நாவலாசிரியர் ஆலன் சிலிட்டோ உபயம். நாட்டிங்காம் ஆலைத் தொழிலாளி ஒருவனின் சனி, ஞாயிறைச் சொல்லும் நாவலிலிருந்து எடுத்தது.

கே: அட்டையில் சிகரெட் ஊதுபவர்தான் பாடகரா?

ப: பேண்டிலேயே இல்லாதவர், நண்பர். பணம் கொடுத்துக் குடிக்க அனுப்பிவிட்டு, நடுநிசி தாண்டி எடுத்த படம். புகைப்பதை நியாயப்படுத்துகிறது என்று ஸ்காட்லாந்து சுகாதாரத் துறையிலிருந்து கண்டனம் வந்தது. 'அந்த முகத்தைப் பார்த்தால் சிகரெட் நன்மை செய்த மாதிரியா இருக்கிறது?' என்கிற பாணியில் லேபிள் தரப்பு சமாளித்தது.

கே: விருது?

ப: அதே வருஷம் பிரிட்டனின் மெர்க்குரி இசைப் பரிசு. மேடையேறிய பாடகர் அலெக்ஸ் டர்னர், போட்டியில் இருந்த தங்கள் ஊர்க்காரர் ரிச்சர்ட் ஹாலியிடமிருந்து பரிசு களவு போய்விட்டது, போலீஸை அழைக்க 999-க்குப் போன் போடுங்கள் என்றார். களவுப் பொருளைத் திருப்பித் தந்ததாகத் தகவல் இல்லை.